மேல்மாடி வெக்கை: வெள்ளைப் பூச்சா, கீற்றுப் பந்தலா, ஃபால்ஸ் சீலிங்கா?

சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு மே மாதத்தில் மதியத்தைவிட இரவு 9 மணிதான் கொடுமை. வெளியே கடற்காற்று வீசும், உள்ளே மெத்தைகூடச் சுடும். இதில் காற்றின் மேல் பழி போட முடியாது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் ஏறக்குறைய 1000 வாட் விழுகிறது. கான்கிரீட்டைக் கடந்து அடிப்பக்கம் வர அந்த வெப்பத்துக்குச் சில மணி நேரம் பிடிக்கும். வந்ததும் கதிர்வீச்சாக நம் மேல் இறங்கும். சூடான காற்று கூரையை ஒட்டியே தங்கிவிடுவதால், வெப்பச்சலனத்தால் கீழே வருவது சொற்பம்.

கூரையின் அடிப்பக்கம் 40 டிகிரி, நம் தோல் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கூரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 545 வாட் வீசும். தோல் சுமார் 510 வாட் வீசும். ஆக, மல்லாந்து படுத்திருப்பவர் மேல் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 35 வாட் ஏறுகிறது. கூரை 30 டிகிரிக்கு இறங்கினால் கணக்கு திரும்பிவிடும்: நம் உடம்பிலிருந்து 30 வாட்டுக்கு மேல் கூரைக்குப் போகும். மின்விசிறியால் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. அது காற்றைத்தான் நகர்த்தும். காற்றே 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், வியர்வை ஆவியாவது ஒன்றுதான் நமக்கு மிச்சம்.

சரி, மூன்றில் எது? சொந்த வீடு என்றால் தயங்காமல் வெள்ளைப் பூச்சு என்பேன். வெறும் சிமென்ட் தளம் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினாலே பெரிது. புதிதாக அடித்த நல்ல கூல் ரூஃப் பெயின்ட் 80 சதவீதம் வரை திருப்பிவிடும். அதைவிட முக்கியமான விஷயம், கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் இந்தப் பூச்சு, சூடான பொருள்கள் வீசும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிருக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு, அதாவது அந்தக் கதிரை நன்றாக உள்வாங்கும், நன்றாக வீசவும் செய்யும். அதனால் இரவில் தன் சூட்டை வானத்துக்குத் தாராளமாக வீசும். பளபளக்கும் அலுமினிய ஷீட்டால் இது முடியாது. அது வெயிலைத் திருப்பினாலும், ஏறிய சூட்டை லேசில் விடாது. தெலங்கானா 2023-இல் கூல் ரூஃபுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. பூச்சின் எதிரி தூசி. வெயில் தொடங்குமுன் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நம்ப முடியாது. பக்கத்து உயரமான கட்டடத்துக்காரர்கள் கண் கூசுகிறது என்று சண்டைக்கு வந்தால், அதையும் சமாளிக்க வேண்டியதுதான்.

பகலை மட்டும் பார்த்தால் பந்தலை மிஞ்ச எதுவும் இல்லை. வெயில் தளத்தைத் தொடுவதே இல்லை. கீற்றில் ஏறும் சூட்டையும் மேலும் கீழும் ஓடும் காற்றே வாரிக்கொண்டு போய்விடும். வெப்பச்சலனம் நமக்காக வேலை செய்யும் இடம் இதுதான். ஆனால் இரவில் அதே பந்தல் தளத்துக்கும் வானத்துக்கும் நடுவே நிற்கிறது. தீப்பொறி, புயல், மழையில் மக்கும் கீற்று என்று கவலைகளும் உண்டு. வடாம் காயப்போடவும் இடம் இருக்காது. கீற்றுக்குப் பதில் தகர ஷீட் போட்டால், அது கொதித்து, தளத்தின் மேல் தானே கதிர்வீச ஆரம்பிக்கும். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் அதன் மேல்பக்கத்துக்கு வெள்ளை அடித்துவிடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் எனக்குக் கடைசி. வெப்பம் கான்கிரீட்டுக்குள் வந்த பிறகுதான் அது தடுக்கப் பார்க்கிறது. கூரைக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே தாண்டும். பிறகு பலகையும் சூடாகி வீசும். மேலே கான்கிரீட்டின் அடியில் அலுமினிய ஃபாயில் ஒட்டி, பளபளப்பைக் கீழ்நோக்கி விட்டால் அந்தத் தாவல் வெகுவாகக் குறையும். பலகையின் மேல் விரித்தாலும் பலன் உண்டு. ஆனால் தூசி படிந்தால் போச்சு. ஏசி ஓடும் அறைக்கு இது பரவாயில்லை.

வாடகை வீட்டில் மாடியைத் தொட விடமாட்டார்கள் என்பவர்கள், பூச்சுக்கான பெயின்ட் செலவைத் தாங்களே ஏற்பதாகச் சொல்லிப் பார்க்கலாம். அதற்கும் உரிமையாளர் மசியவில்லை என்றால், இருட்டிய பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துக் கூரையோரச் சூட்டுக் காற்றை வெளியே தள்ளலாம். கதிர்வீச்சு அப்படியே இருக்கும், தூக்கம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வரும்.