ஹாப் ஆன் ஹாப் ஆஃப் பேருந்து: கோடை வார இறுதிக்கு டிக்கெட் வாங்கலாமா?

உலகின் பெருநகரங்கள் பலவற்றில் மேல்தளம் திறந்த இரட்டை மாடிச் சுற்றுலாப் பேருந்துகள் ஓடுகின்றன. இவைதான் ஹாப் ஆன் ஹாப் ஆஃப் பேருந்துகள். ஒரே டிக்கெட், பிடித்த இடத்தில் இறங்கலாம், பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். சனி, ஞாயிறு இரண்டே நாளைக் கையில் வைத்துக்கொண்டு வரும் தம்பதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும். பாதி சரி. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, எது எங்கே இருக்கிறது என்று பிடிபட இது அருமையான ஏற்பாடு. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக இதையே நம்பினால் நாள் கரைந்துவிடும்.

முழுச் சுற்று இரண்டு மணி நேரம், வண்டி 20 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நான்கு இடத்தில் இறங்குகிறீர்கள். ஒவ்வொரு முறையும் வண்டி அப்போதுதான் போயிருந்தால் நிறுத்தத்தில் நிற்பதே 80 நிமிடம். ஆறு மணி நேரத்தில் இதையும் ஓட்ட நேரத்தையும் கழித்தால், ஓர் இடத்துக்கு மிஞ்சுவது 40 நிமிடம்தான். அருங்காட்சியகம் என்றால் நுழைவு வரிசைக்கே அது போய்விடும். போதாக்குறைக்குப் பல தடங்கள் ஒருவழிச் சுற்று. ஏழாவது நிறுத்தத்திலிருந்து ஆறாவதுக்குத் திரும்ப வேண்டுமானால் ஊரையே வலம் வர வேண்டும். நடந்துவிடுங்கள்.

எந்த டிக்கெட் வாங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, '24 மணி நேரம்' என்று போட்டிருக்கிறதா, 'ஒரு நாள்' என்றா? முதலாவது, முதல்முறை ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து கணக்கு. இரண்டாவது அன்றைய கடைசி வண்டியோடு முடிந்தது. 24 மணி நேர டிக்கெட்டைச் சனிக்கிழமை மாலை மூன்றரை மணிக்குத் தொடங்குவதுதான் என் பரிந்துரை. காலையில் தொடங்கினாலும் வண்டி ஓடும் நேரம் மொத்தத்தில் ஏறக்குறைய அதேதான் கிடைக்கும். ஆனால் இப்படிச் செய்தால் நடுவில் ஓர் இரவு கிடைக்கிறது. சனி மாலை எங்கேயும் இறங்காமல் ஒரு முழுச் சுற்று. இரவு அறையில் உட்கார்ந்து, பார்த்ததில் எதற்குத் திரும்பிப் போகலாம் என்று இருவரும் பேசி முடிவெடுக்கலாம். ஞாயிறு காலை முதல் வண்டியைப் பிடித்து அந்த இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் போனால் போதும். 48 மணி நேர டிக்கெட், இரண்டு மூன்று தடங்கள் இருந்தாலோ படகுச் சவாரியும் சேர்ந்திருந்தாலோ மட்டுமே கட்டுப்படியாகும்.

இணையத்தில் வாங்கியது நேரடி டிக்கெட்டா, கவுண்டரில் மாற்ற வேண்டிய வவுச்சரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வவுச்சர் என்றால் இன்னொரு வரிசை காத்திருக்கிறது. இரண்டு டிக்கெட்டையும் ஒரே போனில் வைக்காதீர்கள். உங்கள் துணை கடைக்குள்ளும் நீங்கள் வண்டி வாசலிலும் நின்றால் சிக்கல். ஆளுக்கு ஒன்று, ஸ்கிரீன்ஷாட்டோடு.

இனி மேல்தளம். மொத்தச் சுகமும் அங்கேதான், மொத்தக் கஷ்டமும் அங்கேதான். காலை 11 முதல் 3 வரை கோடையில் திறந்த தளத்தில் உட்காரவே கூடாது. வண்டி ஓடும்போது காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் சூடு தெரியாது. தோல் கருகியது இறங்கிய பிறகுதான் தெரியும். சன்ஸ்கிரீனை ஏறுவதற்குச் சற்று முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவுங்கள். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் இருக்கை தொடையைச் சுடும், ஒரு சின்னத் துண்டு விரித்துக்கொள்ளலாம். தாடைக்குக் கீழே கட்டும் நாடா இல்லாத தொப்பி பாலத்தின் மேல் பறந்துவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். வண்டியில் கழிப்பறை இருக்காது என்பதால் ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம்.

எந்தப் பக்கம் உட்காருவது? காலையில் வண்டி வடக்கு நோக்கிப் போனால் வெயில் வலப்பக்கம், தெற்கே போனால் இடப்பக்கம். மாலையில் அப்படியே தலைகீழ். வரைபடத்தில் நீளமான நேர்ச்சாலை எது என்று பார்த்து அதற்கேற்ப இடம் பிடியுங்கள். படம் எடுப்பவருக்கு நடைபாதைப் பக்கத்தைவிட எதிர்ப்பக்கம்தான் நல்லது. நடைபாதையை ஒட்டிய பக்கத்தில் உயரமான கட்டடத்தைப் பார்க்கக் கழுத்து ஒடியும், மரக்கிளையும் குறுக்கே வரும். சாலையின் அகலம் நடுவில் இருந்தால் கட்டடம் முழுதாக ஃபிரேமுக்குள் வரும். கிளை என்றதும் நினைவுக்கு வருகிறது: ஓடும் வண்டியில் எழுந்து நின்று படம் எடுக்கவே கூடாது.

ஒலிபெருக்கியில் வரும் விளக்கம் சுமார் ரகம். பெரும்பாலும் ஜிபிஎஸ் வைத்துத்தான் ஓடும், அதனால் வண்டி நெரிசலில் நின்றால் பாட்டு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும். வார இறுதியில் ஊர்வலம், மாரத்தான் என்று சாலையை மூடித் தடம் மாறினால் அதுவும் குழம்பிவிடும். வண்டியில் தரும் ஹெட்போன் காற்றில் காதில் நிற்காது. இருக்கையில் சொருகும் 3.5 மி.மீ. ஜாக் இருந்தால் புளூடூத் ஹெட்போன் உதவாது. ஒயர் உள்ளதை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

மதிய வெயில் நேரத்துக்கு மெட்ரோவின் ஒரு நாள் பாஸ் போதும். கார்டைத் தட்டிப் போகும் ஊர்களில் தினசரி உச்ச வரம்பு (ஒரு நாளில் அதற்கு மேல் கட்டணம் பிடிக்காத தொகை) ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக எண்ணப்படும். காலையில் போனையும் மாலையில் அதே கணக்கின் கார்டையும் தட்டினால் இருவேறு பயணியாகக் கணக்காகிவிடலாம். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, நாள் முழுக்க அதே.

கடைசியாக, கால அட்டவணையில் 'கடைசி வண்டி 6 மணி' என்றிருப்பது முதல் நிறுத்தத்திலிருந்து புறப்படும் நேரமாக இருக்கலாம். அந்த வண்டி சுற்றை முடிக்காமல் பாதியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. ஏறும்போதே ஓட்டுநரிடம், 'இது எந்த நிறுத்தம் வரைக்கும் போகும்?' என்று கேட்டுவிடுங்கள்.