சார்லஸ்டனில் 'உள்ளூர் இறால்' என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கிற சார்லஸ்டனுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கொலம்பியா, சார்லட் நகரங்கள் பக்கம் இருக்கிற நம்மில் பலர் அங்கேதான் கூட்டிப் போகிறோம். கடல் இருக்கிறது, பழைய தெருக்கள் இருக்கின்றன, நல்ல மீன் சாப்பாடு கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்தச் சாப்பாட்டில்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

போன மார்ச் மாதம், சிட்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு உணவகம். மெனுவில் 'ஷெம் க்ரீக் இறால், கிரிட்ஸ்', 34 டாலர். ரேவனெல் பாலத்தைத் தாண்டினால் வருகிற மவுண்ட் பிளெசன்டில் இருக்கிறது ஷெம் க்ரீக். இறால் படகுகள் வந்து நிற்கிற படகுத்துறை. கிரிட்ஸ் என்பது மக்காச்சோளக் குருணையில் கிண்டுகிற கூழ். அதன்மேல் இறாலைப் போட்டுத் தருவார்கள். அந்தக் கரையோர மீனவர்களின் காலைச் சாப்பாடாக இருந்தது இன்று அந்த ஊரின் அடையாளமாகிவிட்டது. பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். "எல்லாம் லோக்கல், இன்று காலைதான் படகில் வந்தது" என்றார்.

அம்மா நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு இறாலைக் கடித்ததும் தட்டைத் தள்ளி வைத்தார். "இது பண்ணை இறாலுப்பா. கடல் இறாலா இருந்தா வாயில வைக்கும்போதே வாசம் தெரியும். எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவா இருக்கு பாரு."

மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். தென் கரோலினாவில் படகுகள் இழுவலை போட்டு இறால் பிடிக்கிற பருவம் வழக்கமாக வசந்தத்தின் கடைசியில் திறந்து ஜனவரி வாக்கில் முடிகிறது, மார்ச்சில் இன்று காலை எந்தப் படகு வந்தது என்று கேட்ட பிறகு, மொத்த வியாபாரியிடமிருந்து உறைந்த பெட்டியாக வாங்குவதாக ஒப்புக்கொண்டார். 'ஷெம் க்ரீக்' என்பது சமைக்கும் பாணியின் பெயராம். பணத்தைக் குறைக்கவில்லை. ஒரு இனிப்பு இலவசமாகத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இது ஒரு கடையின் கதை மட்டும் இல்லை. 2025-ல் சார்லஸ்டன் பகுதியில் 44 உணவகங்களின் இறாலை மரபணுச் சோதனை செய்தார்கள். 40 இடங்களில் இருந்தது இறக்குமதி இறால் என்று முடிவு வந்தது. அந்த நாற்பதில் எல்லாக் கடைகளுமே உள்ளூர் என்று சொல்லி விற்றவை அல்ல. அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இப்படிப் பெயர் மாற்றி விற்பதை எதிர்த்து மாநிலத்தின் இறால் மீனவர் சங்கம் நீதிமன்றத்துக்கே போனது. அமெரிக்காவில் சாப்பிடுகிற இறாலில் 90 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டு இறால். அதில் அதிகம் அனுப்புவது இந்தியா, பெரும்பங்கு ஆந்திராவில் வனாமி என்ற இறால் வகையை வளர்க்கிற பண்ணைகளிலிருந்து. அம்மா தள்ளி வைத்த இறால் நம் பக்கத்துக் குளத்திலிருந்து வந்ததாகவே இருக்கலாம். அந்த இறால் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதை வளர்ப்பவர்களும் பாடுபடுகிறவர்கள்தான். அதை அதன் பெயரில், அதன் விலைக்கு விற்கட்டும். டீசல் போட்டுக் கடலுக்குப் போய் வருகிற ஷெம் க்ரீக் மீனவரின் பெயரைத் திருடி 34 டாலர் வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் இறால் எந்த நாட்டுடையது என்று எழுதியாக வேண்டும். அந்தக் கூட்டாட்சிச் சட்டம் உணவகங்களுக்குப் பொருந்தாது. லூசியானா, அலபாமா போன்ற சில மாநிலங்கள் உணவகங்களுக்குத் தனியாகச் சட்டம் போட்டிருக்கின்றன. மற்ற இடங்களில் நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். "லோக்கலா?" என்று மட்டும் கேட்டால் "ஆமாம்" என்று வந்துவிடும். எந்தத் துறை, யாரிடம் வாங்குகிறீர்கள், புதியதா உறைந்ததா என்று கேளுங்கள். உண்மையாக வாங்குகிறவர்கள் படகின் பெயரையே சொல்வார்கள்.

பில்லையும் பாருங்கள். நாங்கள் ஐந்து பேர். 20 சதவீத டிப்ஸை 'கிராஜுவிட்டி' என்று பொடி எழுத்தில் ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள். அதன் பிறகு கார்டு இயந்திரம் மறுபடி 20, 22, 25 என்று கேட்டது. சாப்பாட்டு வரியே அங்கே 11 சதவீதம். அதற்கும் மேலே இரண்டு முறை டிப்ஸ் கொடுத்துவிட்டு வந்த நண்பர்கள் எனக்குத் தெரியும்.

பருவத்தில் போனால் ஷெம் க்ரீக் துறையிலேயே தலையோடு இறால் வாங்கி, தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் நீங்களே சமைத்துவிடலாம். குளிர்காலம் என்றால் ஃபாலி பீச் போகும் வழியில் போவன்ஸ் ஐலண்ட் உணவகம் இருக்கிறது. அமெரிக்க உணவகங்களுக்குக் கொடுக்கிற ஜேம்ஸ் பியர்ட் விருதை 2006-ல் வாங்கிய இடம். அங்கே சிப்பிகளைக் கொத்துக் கொத்தாகச் சுட்டுக் கொட்டுவார்கள். அந்தக் கரையில் சிப்பி பெரும்பாலும் கொத்தாகத்தான் வளரும், அதனால் உள்ளூர்ச் சரக்கா என்பது பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.