தாலுகா மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவு: ஒரு நோயாளியின் அனுபவம்

2018ஆம் ஆண்டு கோடையில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்ததும், மாவட்டத் தலைநகரிலுள்ள தனியார் மருத்துவரிடம் போவதா, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தாலுகா அரசு மருத்துவமனைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு நடந்தது. பேருந்துக் கட்டணம், மருத்துவர் கட்டணம், மாத்திரைச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபின் இரண்டாவதையே தேர்ந்தேன். ரத்த முடிவுகளையும் மாத்திரைகளையும் குறித்துவைக்க அன்று தொடங்கிய சுகர் நோட்டு இப்போது மூன்றாவதாக ஓடுகிறது.

புதிதாக வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அங்குள்ள நேரக் கணக்கு. வெளிநோயாளர் பிரிவு காலை 7.30 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடிந்துவிடும். வெறும் வயிற்றில் ஒருமுறையும், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒருமுறையும் ரத்தம் கொடுக்க வேண்டும். ஓ.பி. சீட்டு வாங்கி முதல் ரத்தம் கொடுத்து வெளியே வர 8.15 ஆகும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே சாப்பிட்டால் 10.30க்கு இரண்டாவது ரத்தம், 11.15க்கு முடிவு, அதன்பிறகுதான் மருத்துவர். ஒருநாள் எதிரிலிருந்த கடையில் இட்லி வேகத் தாமதமாகி, அந்த அரை மணி நேரத்தில் மருத்துவரைத் தவறவிட்டுத் திரும்பினேன். அதுமுதல் வீட்டிலிருந்தே டிபன் டப்பா எடுத்துச் சென்று, மற்ற பழைய நோயாளிகளோடு வேப்பமரத்தடியில் அமர்ந்து சாப்பிட்டுவிடுகிறேன்.

அந்த மரத்தடியில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் கடும் பத்தியம் இருந்து, நோட்டில் நல்ல எண்ணை வாங்கிவிட்டு, அன்று மாலையே ஜாங்கிரி தின்பவர்கள் பலர். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எங்கள் மருத்துவமனையில் இல்லாததால் ஏமாற்றுவது எளிதாக இருந்தது. வெளியில் எடுத்துவரச் சொல்லி மருத்துவர் வற்புறுத்தியபோது 9.1 என்று வந்தது, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். நோட்டைப் புரட்டிப் பார்த்த அவர் சிரித்துவிட்டு, மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

கண் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே வருவார். சர்க்கரையால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பு தொடக்கத்தில் பார்வையைக் குறைப்பதில்லை என்பதால் ஆண்டுக்கொருமுறை கண் காட்டுவது கட்டாயம் என்று அவர்தான் எனக்கு விளக்கினார். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும். அன்றைக்கு இருசக்கர வண்டியில் போகக் கூடாது. 2022இல் அவர் மாறுதலாகிச் சென்றபின் அந்த இடம் எட்டு மாதங்களுக்கும் மேல் காலியாகவே கிடந்தது. அதைப் பற்றி எங்கும் ஓர் அறிவிப்புகூட ஒட்டவில்லை. வரிசையில் நின்று சீட்டுப் பெற்று அறை வாசல்வரை போனபின்பே பூட்டைக் கண்டு திரும்பினோம். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அப்போதுதான்.

மாத்திரைகளில் பெரிய குறையில்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை ஒருபோதும் இல்லையென்று சொன்னதில்லை. 30 நாளுக்கு எண்ணித் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபின் எங்கள் தெருவில் சிலருக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நடக்க முடியாத என் தாயாருக்கு அது பேருதவி. ஆனால் நடமாடக்கூடிய என்னைப் போன்றவர்கள் அதைச் சாக்காக வைத்து மருத்துவமனைப் பக்கம் போகாமலிருப்பது சரியாகப்படவில்லை. என் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதை நான் கவனிக்கவேயில்லை. மெல்லிய நைலான் இழையால் விரல் நுனிகளில் தொட்டுத் தொட்டுக் கேட்ட செவிலியர்தான் கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு, அவர் தொட்ட பத்து இடங்களில் மூன்று தெரியவேயில்லை.

அங்கே போக நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, கூட்டம் தாங்காது. சிறப்பு மருத்துவர் வரும் நாளை முதல்நாளே செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள்; மருத்துவர் மாறும்போது புதியவருக்கு நம்மைப் பற்றிச் சொல்ல அதைத் தவிர அங்கே வேறெதுவும் இல்லை.