மலையகத் தொட்டிக்கு எந்தக் கிளாத்தி: பிக்காசோவா, க்ளவுனா?

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் கிளாத்தி மீன்களில் (triggerfish) அழகை மட்டும் பார்த்தால் க்ளவுன்தான். கறுத்த உடல், வயிற்றுப் பக்கம் பெரிய வெள்ளை வட்டங்கள், முதுகில் மஞ்சள் வலைக்கோலம், பளிச்சென்ற மஞ்சள் வாய். பிக்காசோ அடக்கமானது: மணல்நிற முதுகு, வெண்வயிறு, கண்ணின் குறுக்கே இறங்கும் பட்டை, பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள். ஆனாலும் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தொட்டி வைப்பவருக்கு நான் சொல்வது பிக்காசோதான். என் தெரிவும் அதுவே.

இரண்டும் இறால், நண்டு, சிப்பி எல்லாவற்றையும் நொறுக்கும். பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஓட்டோடு உள்ள தீன் கட்டாயம். முதுகின் முதல் முள்ளை இரண்டாவது முள் பூட்டிவிடும். வலையில் சிக்கினால் எடுப்பது பாடு, பிளாஸ்டிக் பாத்திரத்தால் அள்ளுங்கள்.

இங்கே முடிவைத் தீர்மானிப்பது சூடு. தண்ணீர் 25 பாகை செல்சியஸில் நிற்கவேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவுதான். கொழும்பில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் போகும் செலவு இங்கே ஹீட்டருக்குப் போகிறது. பிக்காசோ 30 செ.மீ. வரை வளரும், 5×2×2 அடித் தொட்டி, சுமார் 560 லீற்றர், போதும். க்ளவுன் 50 செ.மீ. வரை போகும், 6×2.5×2.5 அடிக்குக் குறையக்கூடாது, அது ஆயிரம் லீற்றருக்கு மேல். சூடு வெளியேறும் பரப்பு ஒன்றரை மடங்கு, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற உப்பு 4 கிலோவுக்குப் பதில் 7 கிலோவுக்கு மேல். 300 வாட் ஹீட்டர் ஒன்று நாளில் பாதிநேரம் எரிந்தாலே மாதம் 108 யூனிட். சிறிய தொட்டிக்கே இரண்டு ஹீட்டர் பூட்டவேண்டும். பின்பக்கமும் இரு பக்கங்களும் அடியும் ரெஜிபோம் ஒட்டினால் செலவு நன்றாகக் குறையும்.

ஹீட்டரை மீன் இருக்கும் தொட்டிக்குள் வைக்கவே வேண்டாம். கிளாத்தி வயரைக் கடிக்கும், கல்லைப் புரட்டி கண்ணாடிக் குழாயை உடைக்கும். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் இரவோடு இரவாகத் தண்ணீர் குளிர்ந்துவிடும். மீன் தொட்டிக்குக் கீழே வைத்து, பம்பால் தண்ணீர் சுற்றும் கீழ்த்தொட்டியில் ஹீட்டரைக் கிடையாகப் படுக்கவையுங்கள். குளிர் அறையில் வெந்நீர் வேகமாக ஆவியாகும். மட்டம் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் வெடிக்கும். குறைந்ததை நன்னீரால் மட்டும் நிரப்புங்கள், உப்பு ஆவியாவதில்லை. வெப்பமானியின் உணரியை மேல்தொட்டியில் வையுங்கள். பம்ப் நின்றால் கீழே மட்டுமே சூடாகிக்கொண்டிருக்கும்.

உயரத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கு என்பதால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். தண்ணீரைச் சுழலவைக்கும் பம்பான பவர்ஹெட்டை மேற்பரப்பு கலங்கும்படி திருப்புங்கள். மூடி கட்டாயம், ஆனால் காற்றுப்போக இடைவெளி விடுங்கள்.

குணத்திலும் பிக்காசோ பரவாயில்லை. க்ளவுன் பவளப்பாறையின் வெளிப்புறச் சரிவுகளில் தனியே திரியும் மீன்; வயதாக ஆகத் தொட்டியையே தனதாக்கிக்கொள்ளும். பிக்காசோ ஆழமற்ற பவளப்பாறைத் தரைகளில், மணலும் கல்லும் கலந்த இடத்தில் எல்லை காக்கும். சிறு மீனை அதுவும் விரட்டும். தனித்தனி மீனுக்குத் தனித்தனிக் குணம், உறுதி தர முடியாது. எதுவானாலும் மற்ற மீன்களுக்குப் பிறகு கடைசியாகத் தொட்டியில் விடுங்கள்.

கண்டியின் உயரத்திலோ அதற்குக் கீழேயோ இருப்பவர்களுக்கு ஹீட்டர் சுமை குறைவு. பெரிய தொட்டிக்கு இடமும் இருந்தால் அங்கே க்ளவுனை யோசிக்கலாம்.