கோதையா, அலமேலுவா? மகளுக்கு ஒரு பழைய பெயர்

மகளுக்குப் பழைய பெயர்தான் என்று நானும் என் மனைவியும் தீர்மானித்த பிறகு பட்டியல் சீக்கிரமே சுருங்கிவிட்டது. ஆண்டாள் என்றால் கூப்பிடுவதைவிடக் கும்பிடத்தான் தோன்றியது. மங்கையர்க்கரசி கம்பீரமான பெயர், ஆனால் ஒரு வாரத்தில் மங்கையாகவோ அரசியாகவோ தேய்ந்துவிடும். கடைசியில் மிஞ்சியவை கோதையும் அலமேலுவும். நாங்கள் வைத்தது அலமேலு. அதனால் இது அந்தப் பக்கம் சாய்ந்த அலசல்தான்.

கோதையின் அழகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூமாலை, கூந்தல், பெண் என்று பொருள் எல்லாமே இனிமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிச் செடியின் கீழே கிடைத்த குழந்தைக்குப் பெரியாழ்வார் வைத்த பெயர் என்பது எல்லோரும் அறிந்த கதை. திருப்பாவையின் 30-ஆம் பாட்டில் 'பட்டர்பிரான் கோதை சொன்ன' என்று ஆண்டாள் தன்னைச் சொல்லிக்கொள்வதும் இந்தப் பெயரால்தான். பலர் கவனிக்காத விஷயம், சங்க காலத்தில் இது சேர மன்னர்களின் பெயராகவும் இருந்தது. முகம் பொறித்து, தமிழ் பிராமியில் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று எழுதிய வெள்ளிக்காசுகள் கரூர்ப் பக்கம் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றின் 245-ஆம் பாட்டைப் பாடியவர் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவியைச் சிதையில் வைத்துவிட்டு, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று ஒரு அரசன் நொந்துபோகும் பாட்டு. பின்னாளில் வை.மு. கோதைநாயகி (1901–1960) ஒரு பத்திரிகையை நடத்திக்கொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். வம்சாவளியை மட்டும் பார்த்தால் கோதைக்குத்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அலமேலுவின் வரலாறு வேறு மாதிரி. அது ஒருவர் சூட்டிய பெயரல்ல, ஊர் ஊராகப் போய்த் தேய்ந்து உருவான பெயர். திருவாய்மொழி ஆறாம் பத்தில் நம்மாழ்வார் திருவேங்கடமுடையானிடம் சரணடையும் இடத்தில், 'அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா' என்கிறார். கணநேரமும் பிரிய மாட்டேன் என்று சொல்லி அவன் மார்பில் தங்கியவள், அலரின்மேல், அதாவது தாமரையின்மேல் இருக்கும் மங்கை. அவள் கோயில் திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் இருக்கிறது. அங்கே அவளுக்குப் பத்மாவதி என்றும் பெயர். பத்மம் என்றால் தாமரை, இங்கே அலரும் அதுதான்.

தமிழ்ப் பாசுரத்தின் அந்தப் பெயரைத் தெலுங்கு அப்படியே எடுத்துக்கொண்டு அலமேலுமங்க ஆக்கியது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) வாழ்நாள் முழுக்கப் பாடியது வேங்கடவனையும் இந்த அலமேலுமங்கையையும்தான். அவர் பாடல்களைப் பொறித்த செப்பேடுகள் பிற்காலத்தில் திருமலைக் கோயிலிலேயே கிடைத்தன. பேச்சில் ரகரம் உதிர்ந்தது, வீடுகளில் மங்கையும் உதிர்ந்தாள். இப்போது மிச்சம் இருப்பது 'அலர்மேல்' மட்டும். பூவின்மேல் என்ற இடம் நிற்கிறது, அங்கே இருப்பவளை அழைப்பவர்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். எனக்கு இந்தப் பெயரில் மிகவும் பிடித்தது இதுதான். முழுதாக அலர்மேல்மங்கை என்றே பதியலாம் என்று என் மாமனார் சொன்னார். நல்ல தமிழ்தான், ஆனால் பல தலைமுறை வாய்கள் தேய்த்துக் கொடுத்த வடிவத்தை மறுபடி முழுதாக்க எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் இன்னொன்று: அகப்பாடல்களில் அலர் என்றால் காதலைப் பற்றி ஊர் பேசும் பேச்சு. திருக்குறளில் 115-ஆம் அதிகாரமே அலர் அறிவுறுத்தல். பெயரின் மூலம் அதுவல்ல என்றாலும், சங்கப் பாடல் படிப்பவர்களுக்கு இந்த ஒலியில் அதுவும் கேட்கும்.

நாங்கள் இருப்பது பெங்களூரு. வீட்டுக்காரர் மைசூர்ப் பக்கம். குழந்தையின் பெயரைக் கேட்டதும் அவர் சொன்னது அலமேலம்மாவின் கதை. 1610-இல் மைசூர் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபோது அங்கே விஜயநகரத்தின் பிரதிநிதியாக இருந்த திருமலராயரின் மனைவி அவர். நகைகளைக் கேட்டு வீரர்கள் துரத்தியதும், தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டுக் காவிரியில் குதித்தார் என்பது கர்நாடகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தலக்காட்டுக் கோயில்கள் மணலில் புதைந்ததைக் காட்டி இன்றும் அதைச் சொல்கிறார்கள். சாபத்தோடு சேர்ந்த பெயர் வேண்டுமா என்று என் அத்தை தயங்கினார். எனக்கு அதில் தெரிவது தன் உடைமையை அரசனுக்கும் விட்டுத்தராத ஒரு பெண். அது குறையாகப் படவில்லை.

பெயர் பழசாகத் தெரியும் என்ற குறை உண்மைதான். நகைச்சுவைத் துணுக்குகளும் மேடை நாடகங்களும் மடிசார் மாமி என்றாலே அலமேலு என்று பழக்கிவிட்டன. உண்மையில் திருப்பதிக்கு முடியிறக்கும் வீடுகளில் சாதி பாராமல் புழங்கிய பெயர் இது. கோதைக்கு இந்தத் தொல்லை கிடையாது. இன்றைக்கு ஒரு குழந்தைக்கு வைத்தால் ரசனையான பெயர் என்றுதான் சொல்வார்கள்.

இதையெல்லாம் பார்த்தும் அலமேலு பக்கம் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஆங்கில எழுத்து. பெயரைப் பொருளுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம், வாழ்நாள் முழுக்க அதைப் பராமரிப்பது என்னவோ ஆங்கில எழுத்தில்தான். கோதையை எப்படி எழுதுவது? தமிழ்நாட்டு வழக்கப்படி th போட்டு Kothai என்று எழுதினால் இந்தி பேசுபவர்கள் கோத்தை என்று அழுத்திச் சொல்கிறார்கள். தாமரை, தங்கம் எல்லாவற்றுக்கும் நாம் th போட்டாலும் அவர்கள் கணக்கு வேறு. d மட்டும் போட்டு Kodai என்று எழுதினால் தமிழர்களே கோடை என்று படிப்பார்கள். கொடைக்கானலின் முதல் பாதி அப்படித்தானே எழுதப்படுகிறது. dh போட்டு Kodhai என்று எழுதுவது ஓரளவு சரி, ஆனால் தமிழ்நாட்டு அலுவலகங்களில் அதை முதல் முறைக்கு மாற்றி எழுதிவிடும் பழக்கம் உண்டு. தெலுங்குப்படி கோதா (Goda) என்று ககரத்தை மென்மையாக்கினால், ஆங்கில எழுத்தில் பார்ப்பவர்கள் அதைச் சுவர் என்ற பொருள்தரும் தெலுங்குச் சொல்லாகவும் படிக்கலாம். ஒரே பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டல், நான்கும் நியாயமானவை.

இது சின்ன விஷயமல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் இருக்கும் எழுத்துக்கூட்டலோடு மற்ற எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினால் பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று அலைய வேண்டும். என் குடும்பத்திலேயே ஒருவருக்கு மதிப்பெண் பட்டியலில் ஒரு எச் கூடுதலாக விழுந்து, அதைச் சரிசெய்ய அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அலமேலுவுக்கு ஏழு ஆங்கில எழுத்து. த, ட, ழ, ள, ற என்று நம் பெயர்களைச் சிக்கவைக்கும் எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. மருத்துவமனையில் மலையாளச் செவிலியர், தடுப்பூசி மையத்தில் கன்னடக்காரர், வங்கியில் ஒரு பிகார் இளைஞர், எல்லோரும் பார்த்தவுடன் சரியாகப் படித்தார்கள். சிலர் மேகாரத்தைக் குறுக்கி அலமெலு என்கிறார்கள், அவ்வளவுதான். தெலுங்குக்காரர்கள் கேட்காமலேயே பின்னால் மங்காவைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. மகள் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. அலமு என்று சுருக்கினால் நல்லது. ஆலு என்று சுருக்கினால் இந்தியில் அது உருளைக்கிழங்கு, பெங்களூரு வகுப்பறையில் அதற்கு வாய்ப்பு இருக்கிறது. வெளிநாட்டில் இந்தப் பெயர் எப்படிப் போகும் என்பதும் எனக்கு அனுபவமில்லாத விஷயம்.

நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு: 'அ' கார்த்திகைக்கும் 'கோ' புனர்பூசத்துக்கும் பொருந்தும் எழுத்துகள். கோதைதான் வேண்டும் என்று மனம் சொன்னால் தாராளமாக வையுங்கள், அவசரப்பட்டு மட்டும் பதியாதீர்கள். பிறப்பைப் பதிந்தபின் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமலும், 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். அந்த அவகாசத்தில் நீங்கள் நினைக்கும் எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி, தமிழ் தெரியாத சிலரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதிகம் பேர் எதைச் சரியாகப் படிக்கிறார்களோ அதையே பதிந்து, பிறகு ஆதாரிலும் பள்ளியிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.