கடைக்கு ஆள் எடுத்த அனுபவம்: விளம்பரம், சிபாரிசு, ஒரு நாள் வேலை

யாழ்ப்பாணத்தில் கட்டடப் பொருள் கடை நடத்துகிறேன். நாளிதழ் விளம்பரம், முகநூல், வேலைவாய்ப்பு இணையத்தளம், தெரிந்தவர் சிபாரிசு எல்லாவற்றாலும் பல ஆண்டுகளாக ஆள் எடுத்து வருகிறேன்.

நாளிதழில் ‘விற்பனையாளர் தேவை’ என்று போட்டால் விடியற்காலையிலேயே தொலைபேசி அடிக்கும். பேசுவது பெரும்பாலும் தாய்மார்தான். “தம்பி, மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான்” என்பார்கள். மகனுக்கு வேலை வேண்டுமா என்பது அவனிடம் பேசினால்தான் தெரியும். முகநூலில் விருப்பக்குறிகள் குவியும், விண்ணப்பம் வராது. சம்பளத்தையும் வேலை நேரத்தையும் விளம்பரத்திலேயே எழுதத் தொடங்கிய பிறகு அழைப்புகள் குறைந்தன; வந்தவர்கள் தெரிந்துகொண்டு வந்தார்கள். இணையத்தளம் கணக்கு எழுதுபவரைத் தேட உதவும். சீமெந்து மூடை இறக்குபவர் அங்கே சுயவிவரக் கோவை போட்டு வைப்பதில்லை.

சிபாரிசில் வருபவர் பொதுவாக நம்பகமானவர். ஆனால் அதையே பிடித்துக்கொண்டால் ஒரே ஊர், ஒரே உறவு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரே சாதி என்று கடை சுருங்கிவிடும். அவரை நிறுத்த வேண்டி வந்தால் சிபாரிசு செய்தவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நேர்முகத் தேர்வில் ‘வெளிநாடு போகும் எண்ணம் உண்டா?’ என்று கேட்காத முதலாளி இங்கே அரிது. ‘இல்லை’ என்று சொல்லாத இளைஞர் அதைவிட அரிது. கேட்டு என்ன பயன்?

எனக்குக் கைகொடுத்தது கூலி கொடுத்துச் செய்விக்கும் ஒரு நாள் வேலைதான். மேசன் ஒருவர் கொண்டுவரும் பட்டியலைக் கையில் கொடுப்பேன்: முக்கால் அங்குலக் குழாய், எல்போ, இரண்டு வகை ஆணி, நாங்கள் விற்காத ஒரு பொருள். எடுத்து வைத்து பில் போட வேண்டும். நான் கவனிப்பது அந்தக் கடைசிப் பொருளைத்தான். தெரியாதபோது கேட்கிறாரா, கையில் கிடைத்ததைத் தள்ளிவிடுகிறாரா? கேட்பவரை எடுத்துக்கொள்வேன், ஆணி வகைகளைப் பிறகு பழகலாம். எல்லோருக்கும் அதே பட்டியல், பிறகு அதே கேள்விகள். ஃபிராங்க் ஷ்மிட், ஜோன் ஹண்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே: செய்முறைத் தேர்வும் ஒழுங்குபடுத்திய நேர்காணலும், அனுபவ ஆண்டுகளை எண்ணுவதைவிட நன்றாகவே ஆளைக் காட்டும். ‘ஐந்து வருட முன்னனுபவம்’ என்ற வரியை என் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

கிராம அலுவலரின் நற்சான்றிதழை இன்னும் கேட்கிறேன். முகவரியை உறுதிசெய்ய அது போதும். குணத்தை அறிய உதவாது.

எடுத்த பிறகு செலவைச் சரியாகப் போடுங்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதம், நம் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நாமே கட்ட வேண்டியது இன்னும் 3 வீதம். ‘தகுதிகாண் காலம் முடியட்டும்’ என்று இவற்றைத் தள்ளிப்போடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. சட்டப்படி முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். நியமனக் கடிதத்தையும் கையோடு கொடுத்துவிடுங்கள். எங்கள் கடையில் அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது முதலில் தொலைபேசியில் பேசிய அதே தாய்மார்தான்.