அம்மாபேட்டையில் ஒரு தட்டுவடை செட் வண்டி

எங்கள் தெருமுனையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிறார்கள். நான்கு மாதமாக வாரத்துக்கு நான்கு நாளாவது அங்கே சாப்பிடுகிறேன்.

சேலத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: சின்னத் தட்டை ஒன்று, அதன் மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே மூடியாக இன்னொரு தட்டை. இதுதான் ஒரு செட். கடிக்கக் கூடாது, முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே சிவப்புச் சட்னியில் பூண்டு தூக்கலாக இருக்கும், எனக்கு அதுதான் பிடித்தது. கேட்ட பிறகுதான் சட்னி தடவுகிறார்கள் என்பதால் தட்டை நமுத்துப்போய் ஒருநாளும் வந்ததில்லை. ஐந்து செட் 40 ரூபாய். மாங்காய் செட்டும் அருமை. தட்டையை நொறுக்கிச் சட்னியோடு கலந்து தரும் நொறுக்கல் மட்டும் சுமார்தான், உப்பு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது.

சரி, நான் எழுத வந்த காரணம் ருசி மட்டும் இல்லை.

பெங்களூரில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். 2020 மார்ச்சில் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. முன்பு ஆபீஸிலிருந்து ரூமுக்கு ஒரு மணி நேரம் பஸ்ஸில் வருவேன். இறங்கும்போது பாதி வேலை மனசிலிருந்து இறங்கியிருக்கும். இப்போது லேப்டாப்பை மூடினால் பத்தடியில் அடுப்படி. கை குழம்பைக் கிளறும், மனம் யாருடைய பி.எஃப். பிடித்தத்திலோ நிற்கும். மகள் பள்ளிக்கூடத்துக் கதையை இரண்டு முறை சொல்லியும் என் காதில் விழாத நாள் உண்டு. ராத்திரி பத்து மணிக்கும் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வரும். பிரான்சில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இங்கே சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் அப்படி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அதனால் என் கையில் இருப்பதை வைத்துத்தான் நான் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

ஒரு நாள் போனில் சார்ஜ் இல்லை. வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டு, ஐம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். "அஞ்சு நிமிஷம் ஆகும் கண்ணு" என்றார் அக்கா. கையில் ஒன்றும் இல்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையாகத் தட்டைகளைப் பரப்பி, ஒரே கரண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போகிறார். எந்தத் தட்டையிலும் ஒரு சொட்டு கூடவோ குறையவோ இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து தறிச் சத்தம். வீடு திரும்பும்போதுதான் கவனித்தேன், அத்தனை நேரமும் வேலை நினைப்பே வரவில்லை.

அன்றிலிருந்து ஆறரைக்கு லேப்டாப்பை மூடுமுன், மிச்சம் இருக்கும் வேலையை நாளை எத்தனை மணிக்கு, எதிலிருந்து தொடங்குவேன் என்று ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே வைத்துவிடுகிறேன். முடியாத வேலைக்கு இப்படித் திட்டம் போட்டுவிட்டாலே அது மனசை நச்சரிப்பது குறைகிறது என்று மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. என் விஷயத்தில் அது உண்மை. சீட்டு எழுதாமல் போன நாட்களில் சட்னி காரமா இல்லையா என்றுகூட ஞாபகம் இருப்பதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உட்கார இடமில்லை. மழை வந்தால் வண்டி வராது, அன்று எனக்கு வேலை முடிந்த மாதிரியே இருப்பதில்லை. பணம் வந்ததும் தொகையைக் கத்திச் சொல்லும் அந்தப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தால் நன்றாக இருக்கும். அக்காவிடம் கேட்டேன், "வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றார். அப்புறம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

எட்டு மணிக்கு மேல் பச்சைச் சட்னி தீர்ந்துவிடும், அதற்குள் போய்விடுங்கள். நாற்பது ரூபாய் சில்லறையாக எடுத்துக்கொண்டு போங்கள்.